பச்சைப் புடவை

மகாபலிபுரம், 2009

தங்கச்சி,

உன் கல்யாணம் முடியட்டும்னு ஒருவாட்டி, உனக்குக் குழந்தை பொறக்கட்டும்னு ஒருவாட்டி, என் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டேன். முதல் ஆபரேஷன் இப்பதான் ஆச்சு. அடுத்ததுக்கு ஆறு மாசம் போவணும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு.

ஆபரேஷன் ஆனா நாப்பது நாள் வெளிய போவக்கூடாதுன்றது எங்க திருநங்கைங்க வழக்கம். அம்மா செத்துடுச்சுன்னு கேட்டதும் அதையும் மீறி, தையல் வலியோட படாளத்துல நம்ம வூட்டுக்கு ஓடியாந்தேன். "அண்ணனா வந்தா உள்ள வா"ன்னு வாசல்லயே நிறுத்திட்ட. அம்மா வாய்ல ஒரு சொட்டுப் பால் ஊத்த விடல.

நாப்பதாம் நாள் இங்க கடல்ல பால் ஊத்தி எனக்குச் சடங்கு முடிப்பாங்க. அதுல பாதிய அம்மாவுக்குன்னு ஊத்தப்போறேன்.

அந்தச் சடங்குக்கு நாங்க பச்சைப் புடவைதான் கட்டணும்; எனக்கு அத எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனைக்கிற? அம்மாதான், ஆபரேஷனுக்கு முன்னாடியே. உன்கிட்ட சொல்லவேணான்னுச்சு.

உன் அக்கா