கேத்தலும் பரிசுத்த ஆவியும்

1986 ஜூன் 3, செவ்வாய்

தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக எட்டாவது மாதம். நிரந்தர நியமனம் கிடைத்தால் நான் விஞ்ஞான டீச்சர். கிடைக்காவிட்டால் பழையபடி சாதிக்காய் ஸ்டோரில் கூலி வேலை.

இன்று ஆறாம் வகுப்புக்கு நீராவிப் பாடம். "கேத்தல் வாயிலிருந்து வரும் வெள்ளைப் புகையே நீராவி" என்று கரும்பலகையில் எழுதி, என் கையெழுத்தை நானே ரசித்தேன். பக்கத்து வகுப்பு பதுர்தீன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "டீச்சர், நீராவி கண்ணுக்குத் தெரியாதே. நீங்க சொல்றது தண்ணித் துளி" என்றார். பிள்ளைகள் முன்னால்! பெரிய மேதை.

ஜூன் 4

அவர் சொன்னது தப்பென்று காட்ட, கேத்தலை அடுப்பில் வைத்துக் குனிந்து பார்த்தேன். வாயை ஒட்டி அரை அங்குலத்துக்கு ஒன்றுமே இல்லை. வெள்ளை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் விரலை நீட்டினேன் — ஐயோ மாதாவே! ஒன்றுமில்லாததுதான் சுட்டது.

மாஸ்டர் சொன்னது சரி. அது வேறு எரிச்சல்.

ஜூன் 5

எழுதியதை எல்லார் கொப்பியிலும் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். கொதித்து வரும் ஆவி தெரியாது. கொடியில் காயும் சேலையிலிருந்து கொதிக்காமலே போகும் ஆவியும் தெரியாது. குளிர்ந்து துளியானால்தான் வெள்ளை. கேத்தல் முன்னால் கொஞ்சம், மலைமேல் நிறைய; மலைமேல் இருந்தால் மேகம். பிள்ளைகளுக்கு என் விரல் கொப்புளம்தான் மிகவும் பிடித்தது.

ஜூன் 9

மழை. ரோட்டில் ஆமிக்காரர் செக்கிங். வந்தது பதினொரு பிள்ளைகள்தான்.

ஜூன் 15, ஞாயிறு

தொலைந்தேன். நியமனத்துக்குப் பங்குப் பாதரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். இன்றைக்குப் பார்த்தா அவர் ஞானோபதேச வகுப்பில் என் மாணவி சவரியம்மாவிடம், "பரிசுத்த ஆவி எங்க இருக்காரு?" என்று கேட்கணும்?

"கேத்தல் வாய்க்கும் வெள்ளப் புகைக்கும் நடுவுல, பாதர். கண்ணுக்குத் தெரியமாட்டாரு. தொட்டா சுட்டுப்புடுவாரு. திரேசா டீச்சர் தொட்டுப் பாத்தாங்க."

வாசலில் நின்ற என்னைப் பாதர் பார்த்த பார்வை! நான் என்ன செய்வேன்? அவள் பாடத்தை ஒழுங்காகத்தானே படித்திருக்கிறாள்.

ஜூன் 18

கடிதம் கேட்டேன். "யோசிப்போம்" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 19

அம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு பாதர் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பரிசுத்த ஆவிய எங்க காலத்துல இஸ்பிரீத்து சாந்துன்னு சொன்னோம், பாதர். ஒரு குழப்பமும் வரல. அத ஆவின்னு மாத்துனது நீங்களா, எம் மகளா?"

பாதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். உடனே உட்கார்ந்து எழுதினார். உறையை ஒட்டித்தான் கொடுத்தார், வாசிக்க விடவில்லை.

ஆகஸ்ட் 27

நியமனம் வந்துவிட்டது! நாலந்தாப் பக்கம் ஒரு பாடசாலை. நிரந்தரம். முதல் வரியை வாசித்ததோடு கடிதத்தை மடித்துக்கொண்டு, உக்குவளையில் பதுர்தீன் மாஸ்டர் வீட்டுக்கு ஓடி அவரிடம் நீட்டினேன். இனி நானும் விஞ்ஞானம்தான் என்று காட்ட வேண்டாமா? அவர் கடைசி வரைக்கும் பொறுமையாக வாசித்தார். பிறகு ஒரு வரியை மட்டும் சத்தமாக வாசித்தார்.

பாடம்: கத்தோலிக்க சமயம்.