ராணியின் அலுமாரி

சனி இரவு, 1977, மல்கிரேவ்.

என் பிக்கப்பின் பின்தட்டில் நானே கட்டிய, கூரை உயர்த்தும் படுக்கையறையை இன்று எடைமேடையில் நிறுத்தினோம். அறுபது கிலோ கூட. வண்டி தாங்காது.

"அந்த அலுமாரியைக் கழற்று. சும்மாதானே கிடக்குது" என்றான் என்னோடு வேலை செய்யும் சிவம்.

அது ஊரில் இருக்கும் என் மனைவி ராணிக்காகச் செய்தது. விசா கிடைத்து அவள் வந்ததும் கடற்கரையோரமாகவே சிட்னி வரை போவோம் என்று எழுதியிருந்தேன். எத்தனை சேலை கொண்டு வரலாம் என்று கேட்டு அவள் பதில் போட்டிருந்தாள்.

நான் தண்ணீர்த் தாங்கியையும் ஸ்பானர் பெட்டியையும் இறக்கினேன்.

"தண்ணிக்கு என்னடா செய்வாய்?"

"வழியில பிடிப்பம்."

சிவம் வண்டியை மறுபடி மேடையில் ஏற்றினான்; எடை சரியாக வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ராணி ஏறினால் எடை மறுபடியும் கூடிவிடும். கூடட்டும். அவள் வந்தால் போதும், கட்டிலையும் கழற்றிவிட்டு நிலத்தில் படுப்பேன்.