ஷட்டர் ஓரத்துக் காற்று

என் செல்ல அம்மாவுக்கு,

இல்லை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகவில்லை. பருத்திச் சுடிதார்தான். உன் கம்பெனியின் ஆயுதபூஜைக்கு அது போதும். தலை வாரியிருந்தேன். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன மரியாதை?

அழைத்தவர் மனிதவள மேலாளர். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கொண்டுவந்து, உன்னையும் ஆப்பிளையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டாரே, அவர். உன் பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருதாம். 'சூழலுக்கேற்ப மாறுதல்' விருது. முதல் கேடயம் உனக்கே. நீ மாங்காய் சீசனிலேயே போய்விட்டதால் நான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியே என் ஆராய்ச்சியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

"ஆக்சிஜனே இல்லாத தண்ணியிலயும் வாழுற உயிரினம்னு கேள்விப்பட்டேன் மேடம். நம்ம எம்ப்ளாயீஸுக்கு நல்ல மோட்டிவேஷனா இருக்கும்" என்றார் போனில்.

மறுத்திருப்பேன். ஆனால் ரேவதி. உன் அறையில், உன் நாற்காலியில் தங்கச்சியை உட்கார வைத்திருக்கிறார்கள். கருணை வேலை. தை மாதம்தான் நிரந்தரமாக்குவார்களாம். அதுவரை அவள் தும்முவதற்கும் அனுமதி கேட்பாள் போலிருக்கிறது.

"வந்து சிரிச்சிட்டு வாங்கிட்டுப் போயிரு அக்கா. ஒண்ணும் பேசிராத" என்றாள்.

மேடைக்கு முன்னால் பூச்சு அறையைச் சுற்றிக் காட்டினார்கள். நீ இத்தனை வருஷம் உட்கார்ந்த இடத்தை அன்றுதான் பார்த்தேன். சர்க்யூட் பலகைகள் மேல் பிசின் தெளிக்கும் அறை. தூசி விழக் கூடாதென்று சன்னல் வைக்கவில்லை. எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. உன் மிஷின்மேல் உன் படம், மாலை, முன்னால் ஒரு தட்டு பொரி. பூஜை நாளில் மிஷின்கள் ஓடவில்லை. அப்படியும் பிசின் நெடி மூக்கில் ஏறியது. மேலாளர் வாசலில் நின்றபடியே விளக்கம் சொன்னார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

சுவரோரம் புதிய கன்வேயர் பெல்ட். அதுவும் உன் நினைவாகத்தானாம். முன்பெல்லாம் ட்ரே தீர்ந்தால், பெண்கள் கடைசிவரை நடந்து, சரக்கு இறங்கும் ஷட்டர் பக்கத்திலிருந்து தூக்கிவர வேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடும். யாரும் எழுந்திருக்கவே வேண்டாம். ஷட்டரையும் அடைத்தாயிற்று, ஏசி வீணாவதில்லை. சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்வதற்கு இடம் விட்டார்.

பொரி பங்கிட்டுக்கொண்டிருந்தது கங்கம்மா. உன் பக்கத்து நாற்காலி. உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: உத்தனப்பள்ளியிலிருந்து வருகிறவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம், திட்டுவதற்கு மூன்றும்.

என் கையில் பொரியைக் கொட்டிக்கொண்டே, பெல்ட்டைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசினார்.

"உங்கம்மா ட்ரே எடுக்கவா போனா? மூச்சு எடுக்கப் போனா பாப்பா. ஷட்டருக்குக் கீழ ஒரு சாண் சந்து. அங்க குந்திக்கினு காத்து குடிச்சிட்டு, வரும்போது ஒரு ட்ரே. வெறுங்கையோட வந்தா கேப்பானுங்க இல்ல? அப்புறம் நாங்க எல்லாருமே போவோம், மொறை வெச்சு."

"இப்ப?"

"இப்பதான் பெல்ட்டு போட்டுக் குடுத்துட்டானுங்களே, மகராசனுங்க."

அம்மா, நான் என்ன படிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். 'பூச்சி' என்பாய். கப்பலில் போய் நான் அள்ளிவரும் குருணை அளவு மிதவை உயிரிகள். அரபிக்கடலில், மேல்நீருக்குக் கீழே, ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கு ஒன்று இருக்கிறது. பகலில் மீன்களின் கண்ணுக்குத் தப்புவதற்காக என் பூச்சிகளில் பல அதற்குள் இறங்குகின்றன. நீந்துவதைக் குறைக்கும். தின்பதைக் குறைக்கும். உடம்புக்குள் எரியும் அடுப்பையே தணித்து வைக்கும். சிலவற்றுக்குப் பெரிய செவுள். சிலவற்றுக்கு, இருக்கிற துளி ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் இரத்தம். இருட்டியதும் மேலே வரும். அங்கேதான் மூச்சு, அங்கேதான் சாப்பாடு.

கீழே அவை வாழ்வதில்லை. சாவைத் தள்ளிப்போடுகின்றன. மேலே வரும் வழி இருக்கும்வரை.

கடல் சூடாகச் சூடாக அந்த அடுக்கு பல இடங்களில் தடித்து மேலேறுகிறது. ஒளிந்திருந்தவை வெளிச்சத்துக்குத் தள்ளப்படுகின்றன. மீனுக்கு வசதி.

உன் அறையில் குறைந்தது ஆக்சிஜன் அல்ல, கூடியது பிசின் ஆவி. தெரியும். இந்த ஒப்புமையை என் வழிகாட்டி சிவப்பு மையால் அடித்துவிடுவார். அடிக்கட்டும். உன் நுரையீரல் ஏன் சுருங்கியது என்று டாக்டரைக் கேட்டபோது, பல காரணம் இருக்கலாம் என்றார். அவர் வாக்கியத்தை யாரும் அடிக்கவில்லை.

மேடையில் பூச்சிகளைப் பற்றி இவ்வளவையும் சொன்னேன். மேல்வழி அடைபட்டால் சாகும் என்றும் சொன்னேன். மேலாளர் மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா, கண்ணுக்கே தெரியாத பூச்சி, அதுவே அட்ஜஸ்ட் பண்ணிக்குது. நம்மால முடியாதா?" கைதட்டல். முன்வரிசையில் அப்பா, பரிசாகக் கொடுத்த டிபன் கேரியரை மடியில் இடுக்கிக்கொண்டு, எல்லாரையும்விட பலமாகத் தட்டினார். கேரியர் நல்ல எவர்சில்வர்தான்.

பிறகு கேடயத்தில் இருந்ததைப் படித்தார்கள். ட்ரே தீரும் முன்பே, யாரும் சொல்லாமலே எழுந்து, ஒரு ஷிப்டில் பலமுறை ஷட்டர் வரை சென்று வந்த உழைப்பாளி. உன் வரிசைப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். நிஜ இருமலாகவும் இருக்கலாம்.

இவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை அம்மா. கெட்டவர்களுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும். மூச்சுக்காக ஓடியவளைப் பார்த்துச் சுறுசுறுப்பு என்று எழுதி, பித்தளையில் பொறித்து, பூ வைத்திருக்கிறார்கள்.

நன்றி சொல்லச் சொன்னார்கள். மூன்றாம் வரிசையில் ரேவதி, 'வேண்டாம்' என்று கண்ணால் சொன்னாள்.

"எங்கம்மா ட்ரே எடுக்கப் போகல. காத்துக்குப் போனாங்க. அந்த ஷட்டரைத் திறந்து விடுங்க."

அவ்வளவுதான் பேசினேன். குரல்கூட உயரவில்லை.

அம்மா நினைப்பில் கொஞ்சம் எமோஷனல் ஆகிவிட்டார்கள், இன்னொரு முறை கைதட்டுங்கள் என்றார் மேலாளர். தட்டினார்கள்.

ரேவதி பஸ்ஸை விட்டு வீட்டுத் தெருவில் இறங்கியதும் சொன்னாள். "நீ கப்பல்ல போயிருவ. நாளைக்கு அங்க நான்தான் உக்காரணும்."



ஒரு செய்தி சொல்ல வேண்டும். பெல்ட் சரியாக ஓடவில்லை. ஓடுகிறது, நிற்கிறது. போன வாரம் ரேவதி சோற்றைப் பிசைந்துகொண்டே, முகத்தில் ஒரு கோடு அசையாமல் சொன்னாள்: "பொரி மாட்டிக்கிதாம்க்கா. பூஜைப் பொரி." பூஜை முடிந்து வாரக்கணக்காகிவிட்டது. பெங்களூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் போனாராம். பெல்ட் நின்றால் ஷட்டரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ட்ரே கையால்தான் வரவேண்டும். முறை வைத்து.

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு சிரிப்பு புளித்துவிட்டது. இதுவும் அதுதானே, இன்னும் ஒரு சந்து? பொரி எத்தனை நாள் தாங்கும்? ஒரு கேமரா மாட்டினால் முடிந்தது. அப்புறம் இதற்கும் ஒரு கேடயம் செய்வார்கள்.

உன்மேலும் எனக்கு வெறுப்பு உண்டு. சொல்லத்தான் வேண்டும். 'சமாளிச்சுக்கலாம் விடு' என்று எதைக் கேட்டாலும் சொல்வாயே, அந்தச் சொல்லைக் கேட்டாலே போனை வைத்துவிடத் தோன்றும். அங்கே மூச்சு முட்டுகிறதென்று ஏன் சொல்லவில்லை? நான் கப்பலிலிருந்து திரும்பி போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான். 'உன் பூச்சிங்க மேல வந்துச்சா?' எனக்காகக் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ரேவதியிடம் சொன்னேன், திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன் என்று. கேடயத்தையும் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். அந்த அறையில் உட்கார முடியாமல் ஒரு ஷிப்டில் பலமுறை எழுந்து போனாள் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. வேறு சாட்சி எதற்கு?

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"என் பேரப் போடாத."

"போடல."

"கங்கம்மா அவங்க பேரப் போட்டுக்கச் சொன்னாங்க. லீவு சொல்லிட்டாங்களாம். மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு."

"அவங்களுக்கு மகளே இல்லையே."

"அது கம்பெனிக்குத் தெரியாதுல்ல."

உனக்கு ஒரு வாக்கு, அம்மா. அந்த ஷட்டரை நிரந்தரமாகத் திறந்து வைக்கும்வரை நான் மனு எழுதுவதை நிறுத்த மாட்டேன். உன் பெயரைச் சொல்லி இன்னொருத்தியைச் சமாளிக்கச் சொல்ல விடமாட்டேன். என் ஆய்வேட்டிலும் 'சமாளித்தன' என்ற சொல் வராது. 'மேலே வர வேண்டியிருந்தது' என்று எழுதுவேன்.

உன் மூத்த மகள்,
ரேவதிக்கு அக்கா.

எழுதி முடித்ததும் கேடயத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் கங்கம்மா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கிருஷ்ணகிரி பஸ்ஸில் சன்னலோரமாக இரண்டு சீட் பிடித்தோம்.