உள்தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. யாரையும் எழுதச் சொல்லி இல்லை, நானே எழுதுவது. புதுக் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, இங்கே உன் அம்மாவும் நானும் நலம். அம்மா என்று எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போ. அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா குளிப்பாங்க என்று நீகூடக் கேட்டாய். அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்திருந்தது, பேசினால் மூச்சு வாங்கியது. பொண்ணுகிட்ட மூச்சு விடாதீங்க, பிளேனும் ஓடல, அங்க கெடந்து தவிப்பா என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஊரில் எந்தப் பூட்டையும் திறக்கிறவன் நான், அந்தக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சாவிக் கடையும் மூடித்தான் கிடந்தது, எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் யார் சாவியைத் தொலைப்பார்கள். இத்தனை வருஷமா எழுத்து கத்துக்கச் சொன்னா கடைக்கு ஓடுவீங்களே, இப்ப எங்க ஓடுவீங்க என்று கேட்டு, ஜன்னல் கண்ணாடியில் சோப்பால் எழுத்துப் போட்டுக் காட்டினாள். நான் வெளியே நின்று அட்டையில் பார்த்து எழுதினேன். உள்ளிருந்து போட்டால் வெளியே இடம் வலம் மாறித் தெரியும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பேப்பரை விரித்தால் ஒரு எழுத்தும் ஒத்துவரவில்லை. அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இருமலாகி நிற்காமல் போனது, நான் கருவிப் பையை எடுத்துவிட்டேன். கைய எடுங்க, நீங்களும் படுத்துட்டா எனக்கு யாரு சுடுதண்ணி வைப்பா என்று உள்ளிருந்தே அதட்டினாள்.

எதிர்வீட்டுத் தையல்காரருக்குச் சுடுதண்ணீர் வைக்கவும் ஆள் இல்லை. தனியாள், உள்ளே தாழிட்டுப் படுத்தவர். மெஷின் சத்தமே இல்லை என்று தெருவில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்தாழ்ப்பாளுக்குச் சாவித்துளை கிடையாது, கதவை அறுத்துத்தான் திறந்தேன், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாதி தைத்த முகக்கவசம் ஊசியோடு மெஷினில் இருந்தது. அம்மா அதன்பின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டுக் காட்டியதில், இப்போது நானே பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். எந்தக் கள்ளச்சாவி வைத்திருக்கிறதோ, அந்த நோய் புகாத நாடே இல்லை. உன் நாட்டின் பெயரை யாரும் சொல்லாமல் நானே படித்தேன், படித்த சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்த சாவு எண்ணிக்கையையும் படித்துவிட்டேன்.

போன வாரம் அம்மா தானே தாழ்ப்பாளை விலக்கி வெளியே வந்தாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள், அதட்டல் இளைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த எழுத்துக்குக் கொம்பு போடுங்க, முட்டிடாது என்கிறாள்.

உன்னை வழியனுப்பும்போது இரண்டு பூட்டுப் போட்டுப் படு என்று சொன்ன அதே அப்பாதான் இதையும் சொல்கிறேன். பூட்டிக்கொள், ஆனால் உள்தாழ்ப்பாள் போடாதே. இன்னொரு சாவி செய்து, உன்னைப் பார்த்தால் சிரிப்பார் என்றாயே, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்து வை. மூச்சு சீராக, ஆயுசு கெட்டியாக இரு. சாவியைக் கொடுத்ததும் மறக்காமல் போன் செய். அம்மா குளிக்கவில்லை, அவளே எடுப்பாள்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத
உன் அப்பா