ஒரே பயணத்தில் ஏற்றிய மாத்திரைகள்

அன்பு மகள் நஸ்ரியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், கட்டாரில் நீயும் மருமகன் ஹஸ்மியும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்கத் தொழுகைதோறும் கேட்கிறோம். ஓம் மகள், இது வாப்பாவின் கையெழுத்தேதான். பள்ளிவாசல் முதியோர் வகுப்பில் எழுதப் படித்துவிட்டேன், ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது, ஆனாலும் சந்தோசம் தாங்க ஏலாமல் இருக்கிறது.

மருந்து தவறாமல் குடித்தும் இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் குறைவாகவே இருக்கிறது, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாலையூற்றில் கர்ப்பிணிகள் கிளினிக் நடக்கிறதென்று கேட்டுப் போனேன். காத்திருக்க உட்காரும் வாங்கில் நான் ஒருவன்தான் ஆண். பக்கத்திலிருந்த பெண் "உங்களுக்கு எத்தின மாசம் மாமா" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள், என் வயிற்றைப் பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மிட்வைப் றுமானாவிடம், மகள் நான் சொல்லிக்கொடுத்தபடி தைரொயிட், இரும்புச்சத்து, கல்சியம் மூன்று மாத்திரையையும் காலையில் ஒன்றாகப் போட்டுப் பால் தேத்தண்ணி குடிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். துறைமுகத்தில் தோணி ஓட்டியவன் அல்லவா, மூன்று தரம் போகிற சாமானை ஒரே பயணத்தில் ஏற்றுவதுதான் எனக்குத் தெரிந்த கெட்டித்தனம். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப தைரொயிட் மருந்தைக் கெடுத்த ஆள் நீங்கதான் மாமா, இரும்பும் கல்சியமும் அதை உடம்பில சேர விடாது" என்றார். பிள்ளையின் மூளை வளர அந்த மருந்து வேண்டுமாம், பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று இரண்டு தரம் கேட்டேன். "பயப்படாதீங்க, இப்பயே திருத்தலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் எழும்பினேன். வீட்டில் உம்மா, "பிள்ளை பெறுறது தோணியில மூட்டை ஏத்துற வேலையா" என்று கேட்டதோடு விடாமல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டா.

உம்மா நேற்றுப் போனில் சொன்னதுதான், ஆனாலும் எழுதுகிறேன், குசினி அலுமாரியில் ஒட்டி வை. தைரொயிட் மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் குடி, தேத்தண்ணியும் சாப்பாடும் ஒரு மணித்தியாலம் பொறுக்கட்டும், மற்ற இரண்டும் நாலு மணித்தியாலம் கழித்து. நீயாகக் கூட்டாதே, குறைக்காதே, நிறுத்தாதே. வாப்பாவின் கெட்டித்தனத்தை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லு, அதை அறிந்துதான் அவர் அளவைத் தீர்மானிக்க வேண்டுமாம். என்னை நினைத்துச் சிரித்தாலும் பரவாயில்லை.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் காப்பானாக. அடுத்த பரிசோதனை முடிவு வந்ததும் எந்த நேரமானாலும் போன் எடு. நீ சிறுவயதிலிருந்து என் சொல்லைத் தட்டாதவள், இந்தத் தடவை அதுதான் வினையாகிவிட்டது. இனி மருந்து விசயத்தில் நான் என்ன சொன்னாலும் கேட்காதே மகள், இந்தக் கடிதத்தைத் தவிர.

உன் வாப்பா
அபூதாஹிர்