மாலாவின் இலைக்கூடு

செவ்வாய், 11
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. தங்கை மாலா ஐந்து நாளாகக் கடற்கரைக்குப் போகவில்லை. என் ஹால் முழுக்க வாதாங்கொட்டை இலை. சர்க்கரை டப்பாவில் கட்டெறும்பு. விவாகரத்து ஆனதும் "ரெண்டு வாரம்தான்க்கா" என்று வந்தவள். எட்டு மாதமாகிறது.

அவள் செய்வது: காய்ந்த இலைகளை ஈர்க்குச்சியால் குத்திக் கோத்து ஆளுயரக் கூடு. நூல் கிடையாது, பசை கிடையாது. பாசிர் ரிஸ் கடற்கரையில் ஈர மணலில் நட்டு வைப்பாள். கடல் ஏறினால் போச்சு. அதுதான் அழகாம். கிறுக்கு.

எந்த நேரத்துக்குக் கடல் ஏறும் என்று போனில் பார்த்துச் சொல்வது நான். அந்த அட்டவணையைக் கண்டாலே அவளுக்குத் தலை சுற்றும்.

புதன், 12
வாங்க: உளுந்து, முட்டை, எறும்பு மருந்து.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் வந்து கூட்டைப் பார்க்கப் போகிறார்களாம். பிடித்துவிட்டால் பினாங்கில் ஒரு வருடம் இதே வேலை. தங்க இடம், சாப்பாடு, எல்லாம் அவர்களே.

"பக்கத்துலதானே லா. நீ வந்து பாரேன்."

பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். என் வீட்டுக்காரர் போனபிறகு இரண்டு வருடம் நான் டிவியோடு பேசிக்கொண்டிருந்தேன். இவளுக்கும் தெரியும். இவள் போகக் கூடாது. அவ்வளவுதான்.

வெள்ளி, 14
மழை விட்டது. முட்டி வலி.

"அக்கா, நாளைக்குத் தண்ணி எப்போ ஃபுல்லா ஏறும்?"

போனில் 9.30.

"பதினொன்றரை" என்றேன். வாய் கூசவில்லை.

"அப்போ ஓகே. நல்லா கீழே தள்ளியே வைக்கலாம்."

இன்னொரு தோசை கேட்டாள். போட்டேன்.

சனி, 15
ஃபிளாஸ்கில் டீயோடு நானும் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூடு அழகாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் இலையெல்லாம் செம்பு நிறம். எரிச்சலாக வந்தது.

8.10: தண்ணீர் அடியைத் தொட்டது.
8.30: அவள் முட்டியளவு. கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வந்து பிடியேன்!"

என் முட்டியைத் தொட்டுக் காட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

8.45: அவள் கையில் ஈர்க்குச்சிதான் மிச்சம்.

ஒன்பதுக்கு வந்த மூவரில் ஓர் அம்மாள், "தண்ணி டைம் செக் பண்ணலையாம்மா?" என்று கேட்டார். மாலா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு நிமிடம் நின்றார்கள். அடுத்த ஆளைப் பார்க்க செங்காங் போகணுமாம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு நல்ல பசி.

செவ்வாய், 18
பினாங்கு கிடைக்கவில்லை. மெசேஜைக் காட்டினாள். "விடுடி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன். தேக்கா மார்க்கெட் வரைக்கும் போய் அவளுக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கி வறுத்தேன். சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டாள். என்ன திமிர்! இரண்டு துண்டையும் நானே சாப்பிட்டேன்.

வியாழன், 20
நல்ல வெயில். மாலா பையில் துணி அடுக்குகிறாள். தெம்பனிஸில் ரூம் பார்த்துவிட்டாளாம்.

"எதுக்குடி? இங்கே உனக்கு என்ன குறைச்சல்?"

"எட்டு மாசத்துல ஒரு நாள்கூட நீ தண்ணி நேரம் தப்பா சொன்னதில்லக்கா."

குரல்கூட உயரவில்லை. ஜிப்பை இழுத்தாள். போகாதே என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"அந்தப் போர்வை என்னுது. வச்சிட்டுப் போ."

மறுபடி ஜிப்பைத் திறந்து போர்வையை எடுத்தாள். நான்காக மடித்து சோபாவில் வைத்துவிட்டுப் போனாள்.