லைட்டை மட்டும் சொன்னார்

தேனு அக்கா, என் செல்ல அக்கா,

உன் காரில் வந்த தலைவலி கடைசியில் உன் வீட்டுக்காரருக்கும் வந்துவிட்டது. முதலில் அந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் அத்தானுடைய பெரிய கார் சர்வீசுக்குப் போயிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப்போக, உன் பழைய சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் வந்தார். நல்ல மழை. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால், கோளாறு என்று காட்டும் அந்த மஞ்சள் இன்ஜின் லைட் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. அடையாறு நெரிசலில் வண்டி நின்று நின்று ஊர்ந்தபோது எனக்கே லேசாகத் தலை கனத்தது; அத்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தலை சுத்துது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. இந்த வண்டியில என்னமோ கோளாறு."

கல்யாணத்தை விட்டுவிட்டு நேரே தேனாம்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குத் திருப்பிவிட்டார். கோளாறு வண்டியில்தான் என்று அவருக்கு எவ்வளவு சீக்கிரம் தோன்றிவிட்டது பார். நீ சொன்னபோது மட்டும் கோளாறு உன்னிடம் இருந்தது.

தினமும் கொட்டிவாக்கம் பள்ளிக்கூடத்துக்கு அதில்தானே போய் வந்தாய்? "லைட் எரிய ஆரம்பிச்சதுல இருந்துதான் தலைவலி. லீவு நாள்ல வர்றதே இல்ல" என்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பிசிக்ஸ் டீச்சர் இல்லையா, யோசித்துத்தான் சொன்னாய். உன் மாமியார் சிரித்தார்.

"லைட் எரிஞ்சா தலை வலிக்குமாம். வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு வர்ற டென்ஷன்தான் இது."

அத்தானுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தி.நகர் கடைக் கல்லாவில் உட்கார வீட்டு ஆள் வேண்டும் என்று எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப அக்கறையாக உன் வேலையை விடவைத்தார்கள். கார் ஓட்டுவது நின்றது, தலைவலியும் நின்றது. "பாத்தியா, வேலையாலதான்" என்றார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள். புகைக்குழாயில் இருக்கும் சென்சார் கோளாறு என்றுதான் இந்த முறையும் காட்டியது. நீ ஓட்டிய நாளில் லைட் எரிகிறது என்று அத்தான் வண்டியைக் கொண்டுவந்தபோது அந்தச் சென்சாரை மாற்றிக் கொடுத்தவரும் இதே மெக்கானிக்தான். ஆனால் அத்தான் தலைசுற்றலைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் குழாயில், சென்சாருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரிசல். சுற்றிலும் கரி படிந்திருந்தது.

"சென்சார் கரெக்டாதான் சொல்லிக்கினு கீது சார். இந்த விரிசல்ல வெளிக்காத்து பூந்துக்கினு கீது, அத்தத்தான் அது காட்டிச்சு. ஏசி இழுக்கிற காத்தோட பொகையும் வண்டிக்குள்ள வருது. தல வலிக்காம இன்னா பண்ணும்?"

"இதை அப்பவே பாத்திருக்க முடியாதா?" என்று நான் கேட்டேன்.

"சார் லைட் எரியுதுன்னு மட்டும்தாம்மா சொன்னாரு. ஓட்டறவங்களுக்குத் தல வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கொழாயப் பாத்திருப்பேனே."

அத்தான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கேட்டாயா அக்கா? லைட்டைச் சொன்னவர் உன்னைச் சொல்லவில்லை. அது சொல்லத் தகுந்த விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு, "தலை வெடிக்குது" என்று நீ படுத்தாய். "திரும்ப ஆரம்பிச்சுட்டா" என்றார் உன் மாமியார். மாத்திரையைக் கொடுத்துத் தூங்கச் சொன்னார்கள். விஷயம் தெரிந்து நான் வந்து உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டெங்கு முற்றும்வரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். தலைவலிக்காரி என்று உனக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர்தான் உன்னைக் கொன்றது.

உன் மகள் மது பிளஸ் டூ வந்துவிட்டாள். வயிறு வலிக்கிறது என்று அவள் வாயைத் திறந்தால், "உங்கம்மா மாதிரி ஆரம்பிக்காத" என்கிறார்கள். போன மாதம் என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள், "சித்தி, அம்மாவுக்கு நிஜமாவே வலிச்சுதா?" பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஆமாம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, நான் உன் தங்கை என்பதால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது அத்தான் சொன்னார், "மதுகிட்ட இதெல்லாம் பேசிக்கிட்டு இருக்காத. போனவ போயிட்டா, இனிமே எதுக்குக் கிளறணும்?" கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நல்லவேளை, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

மறுநாள் போய், கழற்றிப் போட்டிருந்த அந்த விரிசல் குழாயை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். நல்ல கனம். பேப்பரில் சுற்றி என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

உனக்கு முதல் வருஷத் திதி வரப்போகிறது. சொந்தபந்தமெல்லாம் கூடி, "பாவம், எப்பவும் தலைவலின்னே கிடப்பா" என்று பேசிக்கொள்வார்கள். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, உனக்குப் பிடித்ததெல்லாம் பரிமாறுவார்கள். அந்த இலைக்குப் பக்கத்தில் இந்தக் குழாயை நான் வைப்பேன். மதுவை உட்காரவைத்து, அவள் விரலைப் பிடித்து அந்த விரிசல்மேல் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன்: "வலிச்சுதுடி. உங்கம்மாவுக்கு நிஜமாவே வலிச்சுது." சாப்பிடாமல் எழுந்து போகிறவர்கள் போகட்டும். இது உன்மேல் சத்தியம்.

நீ சொன்னதை அன்றைக்கும் நம்பிய,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி